புள்ளை பேருக்கு வந்த கார்டு

தபால்காரர் கவரைக் கொடுத்தது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பதினொன்று ஐந்துக்குக் கிருபாசங்கர் சபதம் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் அந்தக் கணக்கை இழுத்து மூடாமல் பச்சைத்தண்ணி பல்லில் படாது. சபதம் போட்ட கையோடு, மனைவி மோகனப்பிரியா கொண்டுவந்து வைத்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். காப்பி பச்சைத்தண்ணி ஆகாது என்பது அவர் கட்சி.

கவருக்குள் இருந்தது ஒரு ஏடிஎம் கார்டு. ஊதா நிறம், பளபளப்பு. அதில் அவர் பெயர் இல்லை. மோகனப்பிரியா பெயரும் இல்லை. கே. வர்ஷினி என்று இருந்தது. வர்ஷினி அவர்களுடைய ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. வயது பதினாறு.

கிருபாசங்கருக்குச் சூலூருக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டினாற்போல் ஒரு விசைத்தறிக் கொட்டகை. முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ‘கொஞ்சம் உப்பு போடு’ என்பதைக்கூட யுத்தம் அறிவிக்கிற மாதிரிதான் அவருக்குச் சொல்ல வரும். அது சாதாரணப் பேச்சு. கோபப்பேச்சு வேறு. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். ‘ங்க’வை எண்ணியே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடலாம்.

“ஏனுங்க மகாராணி! சித்த வெளிய வாரீங்களா? இது என்னங்க?”

மோகனப்பிரியா எட்டிப் பார்த்தாள். “கார்டுங்க.”

“கார்டுன்னு தெரியுதுங்க. ஆரு பேர்லீங்க?”

“அதான் போட்டிருக்குதே. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?”

“பதனாறு வயசுப் புள்ளைக்கு பேங்க்குல கணக்கு எதுக்குங்க?”

“தொறக்கோணும்னு கேட்டா. கூட்டிட்டுப் போனேன். பத்து வயசு ஆனாலே அவங்களே கையெழுத்துப் போட்டு அவங்களே பாத்துக்கலாமாமா.”

“பத்து வயசுலயா! பத்து வயசுல எனக்கு ட்ரவுசர் நாடா முடியத் தெரியாதுங்க!”

“இப்பவும் வேட்டிக்கு பெல்ட்டுத்தானுங்களே.”

கொட்டகையில் தறியின் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்த ஆள் இருமினான். சிரிப்பை மறைக்கும் இருமல். கிருபாசங்கருக்கு இன்னும் இரண்டு டிகிரி ஏறியது.

கார்டு வந்ததுகூடப் பெரிதில்லை. தனக்குத் தெரியாமல் வந்ததுதான் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு ரூபாய் அசைந்தாலும் அவர் செல்போன் ‘டிங்’ என்று சொல்லும். மோகனப்பிரியாவுக்கு ஒரு கணக்கு உண்டு. அவள் தைத்துக் கொடுக்கும் ரவிக்கைக் காசு அதில்தான் சேரும். ஆனால் அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த போன் நம்பர் அவருடையது. அவள் கடையில் நின்று பையை மூடுவதற்குள் இங்கே ‘டிங்.’ உடனே போன் போட்டு, பத்துத் தறிக்கு மேலே கத்துவார்: “மோகனா! மெடிக்கல்ல நூத்தி எம்பது ரூவா என்னத்துக்கு?” அங்கே நிற்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது கேட்கும். அவள் வாங்கினது பதிலுக்குக் கத்திச் சொல்லக்கூடிய பொருளாக இருக்காது. பேசாமல் போனை வைத்துவிடுவாள். பதில் சொல்லாத திமிர் என்று அவர் அதற்கும் கோபப்படுவார்.

அப்படிக் கட்டிக்காத்த வீட்டில், ‘டிங்’ சொல்லாத ஒரு கணக்கு!

வர்ஷினி ட்யூஷன் முடிந்து சைக்கிளை நிறுத்தினாள். கார்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்பாவைப் பார்த்ததும் வாடியது.

“வாங்க அம்மணி, வாங்க. கணக்குல நாப்பத்தெட்டு மார்க்கு எடுத்தவங்களுக்குக் கணக்கு ஒரு கேடுங்களா?”

“அது மேத்ஸுங்கப்பா. இது அக்கவுண்ட்டு.”

“ரெண்டும் கணக்குதான்! இந்த வயசுல கையில காசு வந்தா என்ன ஆகும்னு பேப்பர்ல படிக்கறனே! காயினாமா. கிரிப்டோவாமா. எவனோ மொகந்தெரியாதவன் ரெட்டிப்பா தாரேங்கறானாமா. இதுக வாயப் பொளந்துட்டுப் போடுதுகளாமா. அவன் சுருட்டிட்டு ஓடறானாமா…”

வர்ஷினி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

பெல்ட் அறுந்த தறி மாதிரி கிருபாசங்கரின் பேச்சு நின்றுவிட்டது.

“செரி செரி. போயி சோறு உண்ணு கண்ணு,” என்றார்.

அப்படி ஏன் நின்றது என்பதைச் சொல்ல ஆறு வாரம் பின்னால் போக வேண்டும்.

ஆறு வாரத்துக்கு முன் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நூல் வாங்கப் போன இடத்தில் யாரோ சீட்டு ஒன்றைக் கொடுக்க, கிருபாசங்கரும் போனார். மதியச் சாப்பாடு இலவசம். இளநீர்ப் பாயசம் உண்டு. மேடையில் கோட்டு போட்ட ஒருவன் ‘கொங்குராஜா காயின்’ என்ற ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினான். அது கையில் பிடிக்கிற காசு இல்லையாம், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற காசாம். எட்டு மாதத்தில் இரட்டிப்பாகுமாம். பேசிக்கொண்டே கீழே இறங்கி வந்தவன் கிருபாசங்கர் முன்னால் நின்றான்.

“சார் பேருங்க?”

“கிருபாசங்கருங்க.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா! கிருபா! கிரிப்டோ! அந்த அம்சமே சாரோட பேர்ல இருக்குதுங்க!”

இருநூறு பேர் கை தட்டினார்கள். கிருபாசங்கருக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கு யாரும் கை தட்டி வெகுகாலம் ஆயிற்று. கடைசியாகத் தட்டியது வர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது. அப்போதும் ஒரு மண்டபம், ஒரு கோட்டு. அப்போது விற்றது ஈமு கோழி. மோகனப்பிரியாவின் பன்னிரண்டு பவுனை விற்று ஆள் உயரத்துக்கு இருபது பறவைகள் வாங்கினார். அவை தீனியைத் தின்றன. கம்பெனிக்காரன் ஓடினான். பறவைகள் மட்டும் ஓடவில்லை. ஒன்று அவரைத் தொடையில் உதைத்துவிட்டு, மூன்று வருஷம் இருந்து தின்றது.

ஆனால் ஈமு வேறு, காயின் வேறு. காயினுக்குத் தீனி வேண்டாம். கால் இல்லை, உதைக்காது. வீட்டுக்கு வந்த வேகத்தில் பதினாறு தறியில் ஆறைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். இரண்டு லட்சம் வந்தது. கரண்ட் பில் பாக்கி என்று மோகனப்பிரியாவிடம் சொன்னார். அவள் வெறும் இடமாகக் கிடந்த கொட்டகையின் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பணம் ரெடி. ஆனால் காயினை செல்போனில்தான் வாங்க வேண்டும். கிருபாசங்கருக்கு செல்போனில் தெரிந்தது இரண்டு வித்தை. ஒன்று, கத்துவது. இன்னொன்று, பூப்படம் போட்ட காலை வணக்கத்தை ஊருக்கெல்லாம் தள்ளிவிடுவது. வேறு வழியில்லாமல் வர்ஷினியைத் தறிக்கொட்டகைக்குள் கூப்பிட்டார். இரகசியம் பேச அதுதான் இடம். எட்டு அடி தள்ளி நிற்பவனுக்குக்கூட ஒன்றும் கேட்காது. பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்காது என்பதால், இரகசியத்தைத் தொண்டை கிழியக் கத்தித்தான் சொன்னார். கடைசி வரியைக் கத்தும்போது கரண்ட் போனது. பத்துத் தறியும் ஒன்றாக நின்றன.

“அம்மாவுக்குத் தெரியக் கூடாது!”

தெரு முழுக்கக் கேட்டது. சமையலறையிலிருந்து மோகனப்பிரியா, “என்னதுங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்லீங்க!” என்றார் கிருபாசங்கர்.

வர்ஷினி போனை வாங்கிக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். “ஏனுங்கப்பா, இந்தக் காயின் வேற எங்கயுமே விக்கறதில்லையே. போடறதுக்கு வழி இருக்குது. எடுக்கறதுக்கு வழியே காணமே.”

“சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? சொன்னதைச் செய்யி.”

“எங்களுக்கெல்லாம் பதினெட்டு ஆகாம காயின் வாங்க உடவே மாட்டாங்கப்பா.”

“அதான் எம்பேர்ல வாங்கறேன். நான் என்ன சின்னப் பையனா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, “மொதல்ல உங்க மொகத்தை வெச்சு ஒரு பதிவு பண்ணோணுங்கப்பா,” என்றாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். சிமிட்டினார். சிரிக்கச் சொன்னாள்.

“சிரிச்சுட்டுத்தான இருக்கறேன்!”

“இது அடிக்க வர்ற மாதிரி இருக்குதுங்கப்பா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

நாலு நாள் காலையும் மாலையும் சிரித்துப் பார்த்தார். எட்டாவது சிரிப்பு தேறியது. ஒப்புதல் வர இன்னும் மூணு நாள் ஆகும் என்றாள். ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் இரண்டு நாளாகப் பணம் போட்டார்கள். எல்லாவற்றையும் வர்ஷினிதான் அழுத்தினாள். பின் நம்பரை மட்டும் அவர் போட்டார். அதுவும் இடது கையைக் குடை மாதிரி கவிழ்த்து, பெற்ற மகளின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு போட்டார். பண விஷயத்தில் சொந்தப் புள்ளையையும் நம்பக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறார்.

அன்றிலிருந்து போனைத் திறந்தால் பச்சைப் பசேலென்று கணக்கு ஏறியது. இரண்டு லட்சம். இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ஒரு நாள் சிவப்பாக இறங்கும், மறுநாள் பச்சையாக ஏறும். தறி ஓட்டுகிறவர்கள் பார்க்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அவர் எட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த இரகசியம் கையில் இருக்கிற மகளிடம் எப்படிக் கத்துவது? ஆனால் கோபம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். பேங்க் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் ரிஃபானா முன்னால் போய் உட்கார்ந்தார். முப்பது வயதுப் பெண். கோயமுத்தூர்க்காரி. அவளிடமும் ‘ங்க’ நிறைய ஸ்டாக் இருந்தது.

“இந்தக் கணக்கை மூடோணுங்க மேடம்.”

“கணக்கு வெச்சிருக்கறவங்க வந்து கையெழுத்துப் போடணுங்க சார்.”

“நான் அவளைப் பெத்த அப்பனுங்க.”

“ரொம்ப சந்தோஷங்க சார்.”

“அந்த இனிஷியலே என்னோடதுங்க!”

“இனிஷியலை வெச்சுக் கணக்கை மூட முடியாதுங்க சார்.”

“எவ்ளோ இருக்குதுன்னாவது சொல்லுங்க.”

“அதுவும் முடியாதுங்க. நாளைக்கு அவங்க வந்து உங்க கணக்குல எவ்ளோ இருக்குதுன்னு கேட்டாலும் இதேதான் சொல்லுவோமுங்க.”

“எங்கணக்கும் பொடுசு கணக்கும் ஒண்ணுங்களா? பள்ளிக்கோடம் போற புள்ளைக்குக் கார்டு குடுத்துப்போட்டு, பெத்தவனை நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறீங்களா? நாட்டை எங்கீங்க கொண்டுபோறீங்க?”

“சார், உங்க பொண்ணு ஃபாரம் பூராவும் அவங்க கையால எழுதினாங்க. ஒரு அடித்தல் இல்லீங்க. நீங்க போன வாரம் குடுத்த செக்குல தேதியே போடலீங்க.”

பேங்க்கில் இருந்த அத்தனை பேரும் செலானைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டார்கள். கிருபாசங்கர் எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, கடைசியாக ஒரு “நல்லா இருங்க!” போட்டுவிட்டு வெளியே வந்தார். இருக்கிற கெட்ட வார்த்தையை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடைத்திருந்தார்.

வீட்டில் அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்றார். மறுநாள் உப்புக் கரிக்கிறது என்றார். மோகனப்பிரியா இரண்டுக்கும் “செரிங்க” என்றாள். கார்டு வர்ஷினியின் பென்சில் டப்பாவுக்குள் போய்விட்டது.

இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை, கொங்குராஜா காயின் வாட்ஸப் குழுவில் ‘சர்வர் பராமரிப்பு நடைபெறுகிறது’ என்று ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை செய்தி போட்டவனே குழுவை விட்டு வெளியேறினான். சனிக்கிழமை குழுவில் மீதமிருந்தவர்கள் எல்லாம் அழுகிறவர்கள்.

கிருபாசங்கர் போனைத் திறந்தார். பச்சை. இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரம்! பணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத்தான் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த மூலையில் இருந்த ஆறு தறியும் மனதுக்குள் ஓட ஆரம்பித்தன. இரண்டு நாள் அவர் யாரிடமும் கத்தவில்லை. தறிக்காரர்கள் பயந்துபோனார்கள்.

திங்கட்கிழமை, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் போலீஸ் ஆபீசுக்குப் போனார். ஏற்கெனவே முந்நூறு பேர் வெயிலில் நின்றார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார், பேக்கரி வைத்திருக்கிறவர், நகையை அடகு வைத்துப் போட்ட அம்மா, ஆனைமலையிலிருந்து வந்த கந்தப்பன் என்ற தேங்காய் வியாபாரி. யாருக்கும் மைக் இல்லை. கிருபாசங்கருக்குத் தேவையும் இல்லை.

“எங்க பணத்தைத் திருப்பிக் குடுங்க!” என்று ஒரு சத்தம் போட்டார். எதிர் கட்டடத்தில் புறா பறந்தது. முந்நூறு பேரும் அவர் பின்னால் சேர்ந்து கத்தினார்கள். டிவிக்காரர்கள் ஓடி வந்து அவர் வாயருகே மைக்கை நீட்டினார்கள். “ஏமாத்தினவன் எவனா இருந்தாலும் செரிங்க, அவன் ஊட்டு வாசல்ல போயி உக்காருவேனுங்க! நெஞ்சுல ஈரமிருக்குதுங்களா அவனுக்கு? ஒழைச்ச காசுங்க!” என்று முழங்கினார். கந்தப்பன் கண்ணீரோடு அவர் கையைப் பிடித்து, “நீங்கதானுங்க எங்களுக்குத் தலைவரு,” என்றார். பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது. நல்ல கோபம், நியாயமான கோபம், கேட்க முந்நூறு பேர். பல வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

தலைவர் என்பதால் முதல் புகாரை அவரே கொடுத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் போலீஸ், அவர் கொண்டுவந்த பேங்க் தாள்களை விரலால் வரி வரியாகப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஏனுங்க, உங்க பணம் அந்தக் கம்பெனிக்குப் போகவே இல்லீங்களே.”

“நல்லாப் பாருங்க மேடம். ரெண்டு லட்சம்!”

“போயிருக்குதுங்க. ரெண்டு தடவையும் ஒரே கணக்குக்கு. பேரு கே. வர்ஷினி. கிளை உங்க ஊருதானுங்க.”

பின்னால் நின்ற கந்தப்பன் கழுத்தை நீட்டினார். “ஆருங்க அந்த வர்ஷினி?”

கிருபாசங்கருக்கு மூளை இன்னும் வந்து சேரவில்லை. வாய் முந்திக்கொண்டது. “என்ற புள்ளைங்க.”

உடனே கந்தப்பனும் தனக்கு மைக் தேவையில்லை என்று காட்டினார்.

“அடப்பாவி! இவன் புள்ளை கணக்குக்குத்தான் காசு போகுதாமா! இவன்தான்டா கம்பெனி ஆளு! நம்மகூடவே நின்னு கூவறான்!”

முந்நூறு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். யாரோ அவருடைய சட்டையைப் பிடித்தார்கள். யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பெண் போலீஸ் குறுக்கே நின்று விளக்கம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவரை உள்ளே இழுத்துப் பின்பக்க வாசலைக் காட்டினாள். “உங்களை ஏமாத்தினது கம்பெனி இல்லீங்க. உங்க ஊட்லதான் ஆரோ. கேஸ் போடறதுங்களா?”

கிருபாசங்கர் ஓடினார். ஒரு கால் செருப்பு அங்கேயே கிடந்தது.

சூலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும்தான் மூளை வந்து சேர்ந்தது. பணம் போகவில்லை. இரண்டு லட்சமும் பத்திரம். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். அதற்குக் கோபப்பட வேண்டும். சந்தோஷத்துக்குப் பழக்கமில்லாத மனசு, பழகின பக்கமே போயிற்று. சூலூரில் இறங்கும்போது நூற்றுப் பத்து டிகிரி இருந்தது.

வீட்டில் மோகனப்பிரியாவும் வர்ஷினியும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: ‘அவன் ஊட்டு வாசல்ல போயி உக்காருவேனுங்க!’

“உக்காருங்க,” என்றாள் மோகனப்பிரியா, வாசல்படியைக் காட்டி.

“இந்த நக்கலெல்லாம் வேண்டாமுங்க! ஏனுங்க அம்மணி, எங்காசை உங்கணக்குக்குத் திருப்பிப்போட்டீங்களா?”

வர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. “நீங்கதானுங்கப்பா போட்டீங்க. நீங்கதான் பின் நம்பர் அடிச்சீங்க. ஆருக்குப் போகுதுன்னு மேல பேரு போட்டிருந்துச்சே. படிக்கலீங்களா?”

“நான் பின் நம்பரை மறைச்சுட்டு இருந்தேன்!”

“ஆமாங்கப்பா.”

“அப்ப இந்தப் பச்சை? ரெண்டு லட்சத்தி அறுவத்தோராயிரம்?”

“அது பழகறதுக்குன்னு இருக்கற ஆப்புங்கப்பா. பொய்க்காசு குடுப்பாங்க. வாங்கி வித்து வெளையாடலாம். எங்க கிளாஸ்ல பாதிப் பேரு வெச்சிருக்கறாங்க.”

“நான் கண்ணைச் சிமிட்டினது? எட்டு வாட்டி சிரிச்சது?”

வர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். “பேங்க்குல கணக்கு ஆரம்பிக்க ஒரு வாரம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் உங்களைப் புடிச்சு வெக்கோணுமில்லீங்களா.”

போனில் இருந்தது ஆப். தனக்கு வைத்தது ஆப்பு. கிருபாசங்கர் மூச்சை இழுத்தார். தறி பத்தும் ஓடிக்கொண்டிருந்தாலும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒன்றைக் கிளப்பினார். “ஊட்டுக்குள்ளயே திருட்டுங்களா! கட்டினவளும் பெத்த புள்ளையும் சேர்ந்து திட்டம் போட்டு…”

“போதும் நிறுத்துங்க,” என்றாள் மோகனப்பிரியா.

மோகனப்பிரியாவின் கோபம் வேறு ரகம். சத்தமே இருக்காது. பதினெட்டு வருஷத்தில் அவர் அதை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். இது மூன்றாவது.

“தறிக்கொட்டகையில நீங்க கத்தினது ஊருக்கே கேட்டுது, எனக்குக் கேக்காதா? புள்ளை அன்னைக்கு ராத்திரியே அழுதுட்டு வந்து சொல்லிப்போட்டா. நான் வேண்டாம்னு சொன்னா நிறுத்துவீங்களா? ஈமுக்கு வேண்டாம்னு கால்ல உழுந்தேன். நிறுத்துனீங்களா? பன்னெண்டு பவுனுங்க. அந்தக் கோழிக்குத் தீனி அள்ளி அள்ளி என்ற கை தேஞ்சது. ஒரு நாள் மன்னிப்புக் கேட்டீங்களா? ஈமுவைத்தான் திட்டிட்டு இருந்தீங்க.”

அவர் கை, ஈமு உதைத்த தொடையைத் தடவியது.

“அந்த ஆறு தறி ஆரு வாங்கிக் குடுத்தது? எங்கப்பன் தோட்டத்தை வித்து வாங்கிக் குடுத்தது. அதை எடைக்குப் போட்டுப்போட்டு, கரண்டு பில்லுன்னு எங்கிட்டயே சொல்லுறீங்க. அந்தக் காசு இப்ப அவரு பேத்தி கணக்குல இருக்குது. இதுல திருட்டு எங்கீங்க இருக்குது?”

“அதை எங்கிட்ட…”

“எனக்கும்தான் கணக்கு இருக்குது. நான் மெடிக்கல்ல நின்னா உங்களுக்கு மணி அடிக்குது. இருவது ஆம்பளைங்களுக்கு நடுவுல நான் என்ன வாங்குனேன்னு நீங்க கத்தறீங்க. என்ற காசைத் தொட எனக்கே கூச்சமாப் போச்சு. என்ற புள்ளைக்காவது மணி அவ போன்லயே அடிக்கட்டும்னு நெனச்சேன். அவளே கையெழுத்துப் போட்டா, அவளே பாத்துக்குவா. வயசு பதனாறுதான். உங்களையும் கோட்டுக்காரனையும் ஒரு வாரம் நிறுத்தி வெச்சாளே. நான் உங்களை ஒரு நாள்கூட நிறுத்தினதில்லை.”

சொல்லி முடித்துவிட்டு, அவள் கண்ணைத் துடைக்காமல் சமையலறைக்குப் போனாள். வர்ஷினி பின்னாலேயே போனாள். கிருபாசங்கர் வாசல்படியிலேயே உட்கார்ந்தார். ஒற்றைச் செருப்போடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தார். இருந்தது. ஆனால் இறக்குவதற்கு ஒரு தலையும் கிடைக்கவில்லை. தன்னுடையதுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் மோகனப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போய், அவள் கணக்குக்கு அவள் நம்பரையே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். ரிஃபானா மேடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவர் இந்த முறை ‘நல்லா இருங்க’ என்று சாதாரணமாகச் சொன்னார்.

அதோடு கதை சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஒரு தறி மோட்டார் புகைந்தது. எரிந்த செப்புக்கம்பிக் காயிலைப் புதிதாகக் கட்ட நாலாயிரத்து ஐந்நூறு. அவர் கணக்கில் இருந்ததோ எழுநூற்றுச் சொச்சம். அரை நாள் யோசித்து, குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்த மோகனப்பிரியாவிடம் போனார்.

“ஏம்மோகனா, புள்ளைகிட்டச் சொல்லி அந்தக் கார்டைக் கொஞ்சம் வாங்கித் தாயேன். நம்பரையும் கேட்டுச் சொல்லு. நானே போயி எடுத்துக்கறேன். அவளை எதுக்கு அலைய உடறது?”

“அவளே வந்து எடுத்துக் குடுப்பாங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப அந்தக் கார்டு எங்கைக்கு வரவே வராதா?”

“வரும். பதினெட்டு வயசு ஆகட்டுங்க.”

கிருபாசங்கர் விரல் விட்டு எண்ணினார். “அடேங்கப்பா, அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஒன்றரை வருசம் இருக்குதே!”

மோகனப்பிரியா அவருடைய வேட்டியை உதறி மடித்தாள்.

“நான் அவளைச் சொல்லலீங்க.”